பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார்

கப்பல் தலைவன் செழியனின் கை, மருத்துவர் யாமினியின் கைக்கு நாலு விரல் தூரத்தில் நின்றது. அதற்குள் எங்கோ அபாயமணி அடிக்க, அவன் ஓடிப்போனான். ஆறு வருடமாக இதே பிழைப்பு.

திருப்பூரில் பதினோராவது மாடியின் ஒற்றை அறையில், தொடரைப் பார்த்துக்கொண்டிருந்த பூங்கோதை தன் மணிக்கட்டைப் பார்த்தாள். நாடிவளை நூற்றுப்பத்து காட்டியது. தொடர்களை இப்போது மனிதர்கள் எழுதுவதில்லை. கதைநெசவி என்ற இயந்திரம் நாலு கோடிப் பேரின் நாடிவளைகளைப் படித்து, அவர்கள் மனசு எதற்கு ஏங்குகிறதோ அதை நெய்து கொடுக்கும். அப்படிப்பட்டது இந்த ஜோடியை மட்டும் சேர்த்துவைக்காமல் இழுத்தடித்தது.

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? கல்யாணம் என்றால் நம் ஆட்கள் முதலில் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். யாமினிக்குப் பெண் வீட்டார் சேர்ந்தார்கள், தலைவி பூங்கோதை. செழியனின் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தலைவர் அமலதாசன். தூத்துக்குடியில் உப்பள இயந்திரங்களைக் கவனிப்பவர், மனைவியை இழந்தவர். இருவரும் நேரில் பார்த்ததில்லை. தினமும் தொடர் முடிந்ததும் பேசுவார்கள். பூங்கோதையை அழைக்க வேறு யாரும் இல்லை.

"உங்க பையன் மறுபடியும் ஓடிட்டானுங்க சம்பந்தி."

"கூச்சப்படுதான், என்ன செய்ய? நீங்க சாப்ட்டீங்களா?"

வருடத்துக்கு ஒருமுறை ரசிகர்கள் கேட்கும் ஒரு கேள்விக்குக் கதைநெசவி உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். அந்த வருடம் தலைவர்கள் இருவரும் சேர்ந்து கேட்டார்கள்: ஏன் சேர்த்துவைக்கவில்லை?

பதில் இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. "தொடரை அரைமணி நேரம் பார்க்கிறீர்கள். அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறீர்கள். பேசும்போதுதான் உங்கள் எல்லோருடைய நாடியும் அதிகம் துடிக்கிறது. நீங்கள் ஏங்குவது அவர்கள் சேர்வதற்காக அல்ல. கூடச் சேர்ந்து ஏங்க ஓர் ஆளுக்காக. கல்யாணம் முடிந்தால் அந்த ஆள் போய்விடுவார். இதற்குப் பிறகும் கல்யாணம் வேண்டுமென்றால் நடத்துகிறேன். இரு வீட்டுத் தலைவர்களும் சம்மதிக்க வேண்டும்."

அன்றும் அமலதாசன் அழைத்தார்.

"என்ன சொல்லுதீங்க சம்பந்தியம்மா?"

வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாரா என்று பூங்கோதை தவித்தாள். அதைத் தானே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பெண்ணைப் பெற்றவள் மாதிரி ஆறு வருடம் அலைந்துவிட்டு, கடைசி நேரத்தில் கல்யாணத்தை எப்படி நிறுத்துவாள்?

"உங்க வீட்டு விசேஷத்த நான் தடுப்பனுங்களா?"

"அப்ப சரி. உங்க ஆசைக்கு நானும் குறுக்க நிக்கமாட்டேன்."

வெள்ளிக்கிழமை தாலி ஏறியது. நாலு கோடி நாடிகள் துள்ளி, அடங்கின. அமலதாசன் அழைத்தார்.

"நல்லபடியா முடிஞ்சிது."

"ஆமாங்க."

அதற்குமேல் பேச விஷயம் இல்லை. அவளே வைத்துவிட்டாள்.

பதினொரு நாள் அழைப்பு வரவில்லை. அவளாக அழைக்கலாம்தான். என்ன காரணம் சொல்லி அழைப்பது? சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு தொலைபேசியையே பார்த்திருந்தாள். இப்படி ஒரு தனிமையை அவள் தன் விவாகரத்தின்போதுகூட அறிந்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் புதிய தொடர் தொடங்கியது. மலையூரில் ஒருத்தி, கடலோரத்தில் ஒருவன். இருவருக்கும் வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. தினம் தொலைபேசியில் ஊர்க்கதை பேசுகிறார்கள். மனசில் உள்ளதை மட்டும் இரண்டு பேரும் சொல்வதில்லை.

பூங்கோதையின் நாடிவளை நூற்றுமுப்பதைத் தொட்டது. அவள் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண் வீட்டார் பட்டியலில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் பட்டியலில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது.

உடனே தொலைபேசி அடித்தது.

"பாத்தீங்களா சம்பந்தியம்மா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்னவாம் ரெண்டு பேருக்கும்?"

"அதானுங்க, எனக்கும் ஆத்தாமையா இருக்குது."

"எப்பிடியாவது சேத்து வச்சிரணும்."

"வெச்சிரலாமுங்க," என்றாள் பூங்கோதை, நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டு. "எத்தன வருசமானாலும் சரிங்க."