குறட்டை நின்ற பிறகு

பதிவில் யாரோ தட்டிக்கொடுக்கும் சத்தம் இருந்தது.

முதலில் பாப்பாவின் குறட்டை. நாலு வயதுக் குழந்தையின் தொண்டையிலிருந்து வருகிற சத்தம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மழுங்கிய ரம்பத்தால் ஈர மரத்தை அறுப்பதுபோல் இழுத்து இழுத்து வந்து, திடீரென்று நின்றுபோகும். டாக்டரம்மாவின் மேசைமேல் கிடந்த கைபேசியிலும் அப்படித்தான் நின்றது. அந்த அமைதிக்குள், போர்வையின்மேல் உள்ளங்கையால் தட்டுகிற சத்தம், மெத்து மெத்தென்று, அவசரமே இல்லாமல் கேட்டது. பிறகு பாப்பா திணறி ஒரு மூச்சை இழுத்தாள். ரம்பம் மறுபடி ஓடத் தொடங்கியது.

"தட்டி எழுப்புறீங்களா?" என்றார் டாக்டரம்மா. "ரெக்கார்ட் பண்றப்போ மட்டும் வேணாமே. தானா எவ்வளவு நேரத்துல மூச்சு வருதுன்னு எனக்குத் தெரியணும்."

"இவ அப்பாவா இருக்கும், டாக்டர்."

சொல்லும்போது பாப்பாவின் அம்மாவுக்கு அதில் சந்தேகம் இல்லை. சந்தேகப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. பகலெல்லாம் சீருடை தைக்கிற கூடத்தில் காலர் மூட்டுகிறவள். ராத்திரியில் பாதியைக் கணவனும் பாதியை அவளுமாகப் பங்கு போட்டுக்கொண்டு பாப்பாவின் மூச்சுக்குக் காவல் இருந்தார்கள். அவளுக்குக் கண்ணுக்குள் எப்போதும் மணல் உறுத்தியது.

டாக்டரம்மா பாப்பாவின் நாக்கை அழுத்தி, டார்ச் அடித்து, இரண்டு முறை பார்த்தார்.

"டான்சில் பெருசுதான். ஆனா இத்தனை தடவை மூச்சு நிக்கிற அளவுக்குப் பெருசு இல்லையேன்னுதான் யோசிக்கிறேன். சரி, மூணு வழி இருக்கு. இப்ப போடுற மூக்கு ஸ்ப்ரேயையே போட்டுக்கிட்டு ஆறு மாசம் பொறுத்துப் பார்க்கலாம், வளர வளர சுருங்கலாம். இல்ல, மேலாக்கச் சீவி எடுக்கலாம். வலி கம்மி, ரத்தம் கசியுற பயமும் கம்மி, ஆனா திரும்ப வளர வாய்ப்பு இருக்கு. இல்லன்னா முழுசா எடுத்துடலாம். அதோட முடிஞ்சது, ஆனா புள்ள ரொம்ப அழுவா. என்னைக் கேட்டா சீவி எடுக்கலாம்னு சொல்வேன். பொறுத்துப் பார்க்கிறதா இருந்தா ராத்திரி யாராவது முழிச்சே இருக்கணும்."

யாராவது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஆபரேஷன் முடிஞ்சா மூச்சு விடுற சத்தமே வெளிய கேக்காது. நீங்களும் அக்கடான்னு தூங்கலாம். வீட்ல பேசிட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

திரும்பும் வழியில் பேருந்தில் பாப்பா அவள் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கினாள். எச்சில் வழிந்து தோள் நனைந்தது. கணவனுக்கு இந்த வாரம் பகல் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: போன வாரம் முழுக்க அவருக்கு ராத்திரி வேலை. பேக்கரி அடுப்பை விட்டு விடியும்வரை நகர முடியாது. பதிவு போன வாரத்தில் எடுத்தது. கைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். அதை டாக்டரம்மாவிடம் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்திருந்தாள்.

வீட்டில் அவள் இருந்தாள், பாப்பா இருந்தாள். வேறு ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் கணவன் வந்து, முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த மாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஏங்க, நீங்க முழிச்சிருக்கிறப்போ பாப்பாவைத் தட்டுவீங்களா?"

"நானா? அசைச்சுப் புரட்டிப் படுக்க வைப்பேன். தட்டுறதெல்லாம் நீதானே?"

"நான் தட்டினதே இல்ல."

அவர் குழாயை மூடினார். "விளையாடாத. என் முறையில கண்ணு சொக்குறப்போ எத்தனை தடவை கேட்டிருக்கேன். நீ எந்திரிச்சிட்டன்னு நெனச்சுக்குவேன். பாவம் அவளே முழிச்சிருக்கான்னு நானும் கண்ணை மூடிடுவேன்."

அவளும் அதையேதான் செய்திருந்தாள். இருட்டில் அந்தச் சத்தம் கேட்டால் மனசு இளகும். இந்த மனுஷனுக்குத்தான் பிள்ளைமேல் எவ்வளவு பொறுப்பு என்று நெகிழ்ந்து, புரண்டு படுத்துக்கொள்வாள். ஒருவரை நம்பி ஒருவர், மாதக்கணக்கில், பிள்ளையை யாரிடமோ விட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள்.

"பக்கத்து வீட்டுச் சத்தமா இருக்கும்," என்றார் கணவன் கடைசியில். "செவுரு மெலிசு." சொல்லிவிட்டு அவரே எழுந்து படுக்கையறை விளக்கைப் போட்டார். அன்றிலிருந்து அதை அணைக்கவே இல்லை.

விளக்கு இருந்து என்ன? வெளிச்சத்திலும் தூக்கம் வரும். குழல்விளக்கின் ரீங்காரம், மூக்கு ஸ்ப்ரேயின் கசந்த வாடை, மூலையில் குவிந்த துவைக்காத துணி, எல்லாம் கண்ணெதிரே இருக்க, இமை மட்டும் தானாக இறங்கும். திடுக்கிட்டு விழிக்கும்போது அந்தத் தட்டல் சத்தம் அப்போதுதான் ஓய்ந்திருக்கும். போர்வையில் நெஞ்சுக்கு நேராக ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். மெல்ல மெல்ல நிமிரும்.

நாத்தனாருக்குச் செய்தி போய், அவள் ஃபோனில் வந்தாள். "கத்தி வைக்காதீங்க அண்ணி, குரலே போயிடும். எங்க வீட்டுக்காரரும் குறட்டைதான் விடுறாரு, செத்தா போயிட்டாரு?" இவள் ஊம் கொட்டிவிட்டு வைத்தாள்.

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளையில், தையல் மெஷின்கள் ஓய்ந்திருந்த கூடத்தில், பதிவை முதல்முறையாகக் காதுக்குள் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு கேட்டாள். மேசைமேல் கேட்டதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஃபேன் சுற்றுவது கேட்டது. அவளே பெருமூச்சு விடுவது கேட்டது. குறட்டை ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குறட்டைக்கு அடியில், அது இன்னும் நிற்காதபோதே, தட்டுகிற சத்தம் தொடங்கியிருந்தது.

பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். அடுத்ததையும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் அதேதான். முதலில் தட்டல். மெத்து, மெத்து. அப்புறம்தான் மூச்சு நின்றது. தட்டுகிற கை ஓய்ந்த பிறகே பாப்பாவால் மூச்சை இழுக்க முடிந்தது.

அது பாப்பாவை எழுப்பவில்லை. தூங்க வைத்துக்கொண்டிருந்தது.

சோற்றை மூடி வைத்துவிட்டு வெளியே ஓடி டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்தாள். என்ன கேட்பது என்று தெரியாமல், தட்டினால் குழந்தைக்கு மூச்சு நிற்குமா என்று கேட்டாள்.

"தட்டினா யாருக்கும் மூச்சு நிக்காதும்மா. தொண்டையில இடம் கம்மி, அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க கடைசியா எப்போ ஒழுங்கா தூங்கினீங்க?" என்றார்.

அவள் ஃபோனை வைத்தாள். வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தாள். வெட்டாமல் விட்டால், இருக்கிற குறுகிய தொண்டையோடு பிள்ளை ஒருநாள் நின்ற மூச்சை மறுபடி இழுக்க முடியாமலே போகலாம். வெட்டினால் குறட்டை போய்விடும். குறட்டை நின்றதால்தானே இத்தனை நாள் அவள் பதறி விழித்தாள்? சத்தமில்லாத மூச்சு நின்றால் எந்தக் காது கேட்கும்? இதை யாரிடம் போய்ச் சொல்வது? அவளுக்கு அழுகை வந்தது. அழவும் அலுப்பாக இருந்தது.

முடிவை அவள் எடுக்கும்படி ஆகவில்லை. அன்று ராத்திரி கணவனின் முறையில் மூச்சு நின்று, நின்றபடியே நீண்டது. அவர் போட்ட கூச்சலில் அவள் எழுந்தபோது, பாப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. தலைகீழாகத் தூக்கி உலுக்கியபின்தான் பாப்பா மூச்சை இழுத்தாள். "நாளைக்கே கையெழுத்துப் போடுவோம்," என்றார் அவர். "ஆறு மாசமாவது, மண்ணாவது." அவள் தலையாட்டினாள். மறுநாள் போட்டார்கள். சீவி எடுக்கத்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். அதற்குப் பிந்திய ராத்திரிகளில் பாப்பா வலியில் சிணுங்கினாள், ஐஸ் கேட்டாள், ஐஸைத் துப்பினாள், அம்மா அம்மா என்று அனத்தினாள். அவை நல்ல ராத்திரிகள். அழுகிற பிள்ளை மூச்சு விடுகிற பிள்ளைதானே. அவளுக்கு அந்த அழுகை தாலாட்டாக இருந்தது.

பிறகு புண் ஆறியது. கணவனுக்கு மறுபடி ராத்திரி வேலை வந்தது. போக மனமில்லாமல் வாசலில் நின்றார். "பயமா இருந்தா ஃபோன் பண்ணு." "போங்க, உங்களுக்குத்தான் பயம்," என்று கதவைச் சாத்தினாள்.

பாப்பா வாயை மூடிக்கொண்டு தூங்கினாள். அப்படி அவளைப் பார்த்ததே இல்லை. வாய் மூடி, கன்னம் உப்பி, எங்கிருந்தோ வந்த வேறொரு வீட்டுப் பிள்ளைபோல் இருந்தாள். அறையில் குழல்விளக்கின் ரீங்காரம் தவிர எதுவும் இல்லை. அவள் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, பாப்பாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். காதுக்குக் கேட்காவிட்டால் என்ன, கைக்குத் தெரியும்.

ஏறியது. இறங்கியது. ஏறியது.

தூங்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். நாக்கைக் கடித்தாள். ஏறியது. இறங்கியது.

அவள் தோளில் யாரோ தட்டினார்கள்.

மெத்து. மெத்து.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஆனாலும் முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்து வெட்கமாக இருந்தது. பாப்பாவை இல்லை. என்னைத்தான். எத்தனை வருஷமாயிற்று, அவளை யாராவது தூங்க வைத்து. கை இதமாக இருந்தது. அவளுடைய களைப்பு முழுவதும் அதற்குத் தெரிந்திருந்தது.

இமை இறங்கியது. இழுத்துத் திறந்தாள்.

தட்டல் இறங்கி வந்தது. தோள். முழங்கை. மணிக்கட்டு.

அவள் புறங்கைமேல் வந்து அமர்ந்தது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கே அவளுடைய கை மட்டும்தான் இருந்தது. புறங்கையின் தோல் அமுங்கி வெளுத்தது. பாரம் ஏறியது. எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. விரல்கூட அசையவில்லை.

உள்ளங்கைக்கு அடியில் பாப்பாவின் நெஞ்சு ஏறப் பார்த்தது.

மறுபடி.

இன்னும் மெதுவாக, மறுபடி.

கத்தினாள். வாயிலிருந்து கொட்டாவிதான் வந்தது.

பாப்பா கண்ணைத் திறந்தாள். தன் நெஞ்சை அழுத்துகிற கையைப் பார்த்தாள். அந்தக் கை வழியே மேலே பார்த்து, அம்மாவின் முகத்தில் கண்ணை நிறுத்தினாள்.