யார் கேட்டாலும் ஆபீஸ்னு சொல்லு

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பல் டாக்டரின் காத்திருப்பு அறைக்குள்ளோ கேள்விகள் கொட்டிக்கொண்டிருந்தன.

“என்னம்மா வேலை பார்க்கிறே?” ஊதாக் குடையை மடக்கிக்கொண்டே, கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த இளம்பெண்ணிடம் பக்கத்து அம்மாள் கேட்டாள்.

கடைவாய்ப் பல்வலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்தக் கேள்வியை அவளால் தாங்கவே முடியாது.

“ஆபீஸ்ல...”

“எந்த ஆபீஸ்? என்ன போஸ்ட்? நல்லாத் தர்றாங்களா?”

உண்மையில் அவள் வீடு வீடாகப் போய் மூட்டைப்பூச்சி ஒழிப்பவள். அதில் படு கெட்டிக்காரி. ஆனால் வெளியே சொன்னால் போதும்... எதிரில் இருப்பவர் முதலில் கழுத்தைச் சொறிவார், அப்புறம் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார். போன மாதம் கல்யாணம் பேச வந்த குடும்பம் காபி ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டது. அன்றிலிருந்து அம்மாவின் உத்தரவு, யார் கேட்டாலும் ஆபீஸ் என்று சொல்ல வேண்டும்.

நல்லவேளை, சோபாவின் அந்தக் கோடியில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவன் பக்கம் அம்மாள் திரும்பினாள். “தம்பி என்ன பண்றீங்க?”

“சும்மா இருக்கேம்மா.”

“அடப் பாவமே!” அதோடு அம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

அவன் இவள் பக்கம் லேசாகச் சாய்ந்தான். “இப்படிச் சொல்லிப் பாருங்க. அதுக்கு மேல ஒரு கேள்வி வராது.”

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. நிமிர்ந்து பார்த்தாள். அவன் இமைக்காமல் அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐயோ... இப்படியா பார்ப்பான் ஒருத்தன்! பல்வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

அப்போது பார்த்து ரிசப்ஷன் பெண் கூவினாள். “சார், நீங்க கண் டாக்டர்தானே? எங்க அப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணீங்களே!”

அவ்வளவுதான். அம்மாள் தன் கீழிமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேரே வந்துவிட்டாள். “தம்பி, இது ஏன் சிவந்திருக்கு?”

“பொய்தானே சொன்னீங்க?” என்று அவள் பொரிந்தாள். டாக்டராம்! இவனிடம் போய்த் தன் வேலையை எப்படிச் சொல்வது?

“நீங்க மட்டும்... ஆபீஸ்னு இழுத்தீங்களே!”

வெடுக்கென்று எழுந்து எதிரிலிருந்த ஒற்றை நாற்காலிக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தபோதுதான், பழகிய கண்ணில் அது பட்டது. சோபாவின் தையலில், அம்மாள் ஊன்றியிருந்த முழங்கைக்கு ஒரு விரல் தள்ளி, பழுப்பாக ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

சொன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். போன மாதக் குடும்பத்தைப் போல அவனும் எழுந்து போய்விடுவான். சொல்லாவிட்டால்... பாவம், அந்த அம்மாள் வீட்டில் இனி ஒருத்தரும் தூங்க மாட்டார்கள்.

“எல்லாரும் எழுந்திருங்க!”

கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள். மெத்தையைப் புரட்டினாள். “மூட்டைப்பூச்சி. ஒண்ணு இல்ல, குடும்பமே இருக்கு. முட்டையெல்லாம் இந்தத் தையலுக்குள்ள. வீட்டுக்குப் போனதும் போட்டிருக்கிற துணியை நல்ல சுடுதண்ணியில போடுங்க.”

“உனக்கெப்படிம்மா இவ்வளவு தெரியும்?”

“இதான் என் வேலை. மூட்டைப்பூச்சி ஒழிக்கிறேன்.”

அறையே சொறிய ஆரம்பித்தது. ரிசப்ஷன் பெண் மேஜைமேல் ஏறாத குறை. அம்மாள் குடையை விரித்து, தனக்கும் அவளுக்கும் நடுவே கேடயமாகப் பிடித்துக்கொண்டாள்.

அவன் மட்டும் பக்கத்தில் வந்து மண்டியிட்டான். “எங்க, காட்டுங்க.”

“நீங்க சொறியலையா?”

“சொறியணும்னுதான் இருக்கு. அடக்கிக்கிட்டிருக்கேன்.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு மெல்லக் கேட்டாள். “என் கண்ணையே பார்த்தீங்களே... ஏதாவது வியாதியா?”

“இல்ல...” வீங்காத கன்னமும் சிவந்தது. “தினம் அறுபது பேர் கண்ணைப் பார்க்கிறேன். மேலன்னா மேல பார்ப்பாங்க, கீழன்னா கீழ பார்ப்பாங்க. நீங்கதான்... நான் சொல்லாமலே என்னைப் பார்த்தீங்க. அப்பவே விழுந்துட்டேன்.”

குடைக்குப் பின்னால் அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. நிற்கட்டும்!

“எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு” என்று அவள் சொல்லிவிட்டாள். வேலையைச் சொன்னதைவிட இது எவ்வளவோ சுலபமாக இருந்தது.