மூடி திறந்த தட்டு

ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த அறையில் வைத்த தட்டில்தான் அதிகமாக முளைத்திருந்தது.

கேரள எல்லையில் வேலந்தாவளத்துக்கு அருகே கண்மருந்து நிரப்பும் கம்பெனியில் காற்றைச் சோதிப்பது சித்ராவின் வேலை. கிருமி வளர்க்கும் கூழ் பரப்பிய தட்டுகளை மூடி திறந்து அறைகளில் வைப்பாள். காற்றிலிருந்து விழும் கிருமிகள் சில நாளில் புள்ளிகளாக முளைக்கும். பெரும்பாலும் மனிதரின் தோலிலிருந்தும் மூச்சிலிருந்தும் வருபவை. பூட்டிய இந்த அறைக்கோ யாரும் வருவதில்லை; கூரைச் சல்லடை வழியே வடிகட்டிய காற்று மட்டும் இறங்கும். அவள் கணவன் குப்பண்ணன் கடைசியாகச் சுத்தம் செய்தது இதன் கூரைக் குழாயைத்தான். முகமூடி கொடுக்கவில்லை. நெஞ்சில் பூஞ்சை படர்ந்து செத்தான். மாட்டுக்கொட்டகையில் பிடித்த நோய் என்றது கம்பெனி. மாலை மட்டும் பெரிதாக வாங்கி வந்தது.

"நாளைக்கு இன்ஸ்பெக்ஷன் சேச்சி. அந்த ரூம்ல தட்டை மூடியோடயே வைங்க," என்றான் மேலாளர் ஜோமோன்.

"மூடி வெச்சா எப்படிங்க முளைக்கும்?"

"முளைக்காது. அதுதானே வேண்டியது!" சிரித்தான்.

"அவரை மண்ணுல மூடியாச்சு. இதையுமுங்களா சார்?"

சிரிப்பு நின்றது.

சித்ரா அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தட்டின் மூடியைத் திறந்தாள். குழாயின் பூஞ்சை இந்தத் தட்டில் விழுந்தால் போதும். முளைத்ததும், அவன் எதனால் செத்தான் என்று அதிகாரிகளிடம் காட்டிவிடலாம்.

ஸ்பிரிட் வாடையும், ரப்பர் கையுறைக்குள் ஊறும் வியர்வையும், நிழலே விழாத வெள்ளை வெளிச்சமும், எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று சொல்ல முடியாத காற்றின் சீரான இரைச்சலும் அவளுக்குப் பழகியவை. இன்று இரைச்சல் சீராக இல்லை. ஏறியது. இறங்கியது. நடுவே ஒரு கரகரப்பு. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து இரவெல்லாம் கேட்ட கரகரப்பு.

அண்ணாந்தாள். காற்று இறங்கவில்லை. அவள் முகமூடி மேல்நோக்கி இழுபட்டது. விட்டது. மறுபடி இழுபட்டது.

கதவைத் தள்ளினாள். அசையவில்லை.

"ஏனுங்க..." என்றாள், அவனைக் கூப்பிடும் அதே குரலில்.

இரைச்சல் நின்றது. கூப்பிட்டது யாரென்று மூச்சடக்கிக் கேட்பதுபோல.

கையிலிருந்த தட்டில், கூழின் மேல் ஆவி படிந்தது. ஒரு வாயளவு. தெளிந்தது. மறுபடி படிந்தது, இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாக. எதிரே யாரும் இல்லை. தட்டின் விளிம்பு வரை வந்தது.

பிறகு அவள் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடி மங்கியது.

வெளிப்புறத்தில்.