நாற்பத்து மூன்று அரைக் கிரவுண்கள்

காலை எட்டு மணிக்கு ஈஸ்ட்ஹாம் நாணய ஒப்படைப்பு நிலையத்தைத் திறந்து தராசைத் துடைத்து வைப்பதுதான் சுகிர்தாவின் முதல் வேலை. சுவரை இடிக்கும்போதோ தோட்டம் கொத்தும்போதோ காசு அகப்பட்டவர்கள் பயந்துகொண்டே கொண்டுவருவார்கள். அவள் இனம் பார்த்துச் சொல்வாள். பிறகு அவை உலைக்குப் போகும்.

பிரிட்டனில் நோட்டும் நாணயமும் ஒழிந்து இருபது ஆண்டுகள். மணிக்கட்டுத் தோலுக்கடியில் இருக்கும் 'கைப்பணம்'தான் எல்லாவற்றுக்கும். அரசுக்கு ஒருவர்மேல் சந்தேகம் வந்தால் அதை முடக்கிவிடும். அதன்பிறகு அவரால் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு பாண்கூட வாங்க முடியாது.

அன்று அதிகாரி பிளேக் ஒரு துணிப்பையை மேசையில் வைத்தார். அவருக்குப் பின்னால், கையில் விலங்கோடு, எதிர்த்தெரு மருந்துக்கடை டொமினிக்.

"கைப்பணம் முடக்கப்பட்டவர்களிடம் இவற்றை வாங்கிக்கொண்டு இன்சுலின் கொடுத்திருக்கிறார். எங்கள் கருவிக்கு இவற்றை அடையாளம் தெரியவில்லை. பணமா, இல்லையா?" என்றார் பிளேக்.

சட்டம் நுணுக்கமானது. ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ், பவுணுக்கு இருபது ஷில்லிங் என்ற பழைய கணக்கு 1971இல் போய், பவுணுக்கு நூறு பென்ஸ் என்றானது. அதற்கு முன்பே செல்லாமல் போனவை வெறும் பழம்பொருள். பின்னும் செல்லுபடியானவை பணம். ஒன்று வைத்திருந்தாலும் ஏழாண்டுச் சிறை.

சுகிர்தா பையைக் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அரைக் கிரவுண்கள், அதாவது இரண்டரை ஷில்லிங் காசுகள். 1969 முடிவோடு செத்தவை. அவளுக்கு மூச்சு வந்தது. இருபத்தொன்பதாவது மட்டும் விரலில் சற்றுச் சிறிதாகப்பட்டது. புளோரின். இரண்டு ஷில்லிங். பத்து பென்ஸாக 1993 வரை கடைகளில் புழங்கியது.

"தங்கச்சி, அதிலை ஏதும் பிழையோ?" என்றார் டொமினிக், மெல்ல.

"கதையாதேங்கோ அண்ணை."

"என்ன சொல்கிறார்?" பிளேக்கின் குரல் உயர்ந்தது.

"தண்ணீர் கேட்கிறார்."

இந்த இருபது வருடங்களில் அவள் ஒரு காசையும் பிழையாகச் சொன்னதில்லை. 'அரைக் கிரவுண், நாற்பத்து மூன்று' என்று எழுதினாள்.

பிளேக் குனிந்தார். "இது சிறிதாக இருக்கிறதே?"

"தேய்ந்துவிட்டது. எத்தனை கை மாறியிருக்கும்!"

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் விலங்கைக் கழற்றிவிட்டார். டொமினிக் வெளியேறினார்.

பிளேக் போகவில்லை. "நாளை பதினான்கு கடைகளில் சோதனை. இந்தக் காசுகளை அறிந்தவர் உங்களைத் தவிர யாருமில்லை. கருவிக்குக் கற்றுக்கொடுங்கள்."

கருவி படம் படமாகக் காட்டிக் கேட்டது. புளோரின், செல்லுபடி முடிந்த ஆண்டு? 1969 என்று தட்டினாள். ஷில்லிங்? 1969. ஆறு பென்ஸ்? அதற்கும் அதுவே. மூன்றுமே 1971க்குப் பின்னும் புழங்கியவை.

'இரண்டு நூல்கள் வேறு ஆண்டுகளைக் கூறுகின்றன. நிபுணர் சொல்லே இறுதி. நூல்களை அழிக்கவா?'

அவற்றில் ஒன்று அவள் ஒன்பது வருடம் உழைத்து எழுதியது. யன்னலுக்கு வெளியே டொமினிக் கடையைத் திறந்துகொண்டிருந்தார். அதற்குள் வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள்.

சுகிர்தா 'ஆம்' என்பதைத் தொட்டாள்.