டுன்ராவெக் கோட்டையின் பெயர்க்கல்

ஞாயிறு காலை ஏழு மணி. டுன்ராவெக் கோட்டையின் கடலோரச் சுவரில் பெயர்க்கல்லைக் காணவில்லை.

ஊர்க் காவலர் இஷ்பெல் கன் சுவரடிக்கு ஓடி வந்தாள். பல தலைமுறைக்கு முன்பு, ஆடு மேய்க்க நிலம் வேண்டுமென்று பிரபு குடிசைகளைக் கொளுத்தி விரட்டியபோது, அவளுடைய முன்னோர் இந்த இடிந்த சுவருக்குள் ஒதுங்கி, அந்தக் கல்லில் தங்கள் பெயர்களைச் செதுக்கினார்கள். அவர்களுக்கு வேறு கல்லறை இல்லை. கல்லின் அடியில் நெருப்பு வைத்த பிரபுவின் கையாளின் பெயரும் உண்டு. உப்புக்காற்று அரித்ததில் அது யாரென்று ஊருக்கே மறந்துவிட்டது.

"இவன் வேலைதான்!" கோட்டைச் சங்கத் தலைவர் டார்குவில் ஸ்வான்சன் கத்தினார். "நேத்து சாயங்காலம்கூட கல்லைத் தொட்டுப் பாத்தேன். ராத்திரி புயல்ல பேத்துட்டான்."

அவர் கைகாட்டிய லோரிமர், பக்கத்தில் விடுதி கட்ட வந்தவன். ஊரார் அவனைச் சூழ்ந்து நின்றார்கள். ஒருவர் கையில் துடுப்பு.

"நான் வந்தே மூணு வாரம்தாங்க ஆகுது!"

"வாயை மூடுடா, நெருப்புக்குப் பொறந்தவனே!" துடுப்புக்காரர் அந்த ஊரின் கொடிய வசவை வீசினார்; குடிசைக்கு நெருப்பு வைத்தவன் வம்சம் என்று அர்த்தம்.

"துடுப்பைக் கீழ போடுங்க," என்ற இஷ்பெல் சுவரேறினாள். கல் இருந்த குழியில் எட்டிப் பார்த்ததுமே நாறும் எண்ணெய் முகத்தில் பீச்சியடித்தது. கிட்டே வருபவர்மேல் வயிற்று எண்ணெயைத் துப்பும் ஃபுல்மார் என்ற கடற்பறவை. முட்டைக்காலத்தில் இந்த நாற்றத்துக்குப் பயந்தே ஊரார் அந்த மூலைக்கு வருவதில்லை. பறவையின் வயிற்றடியில் பஞ்சுபோல ஒரு குஞ்சு.

முகத்தைத் துடைத்தபடி இறங்கினாள்.

"டார்குவில் ஐயா, நேத்து எந்தக் கல்லைத் தொட்டீங்க?"

"அதே கல்லைத்தான் பொண்ணே."

"கல் இருந்த குழியில குஞ்சு உக்காந்திருக்கு. ஃபுல்மார் அடைகாக்கவே ஏழு வாரம். ஒரே ராத்திரியில முட்டைபோட்டுப் பொரிச்சிருச்சா? லோரிமர் வர்றதுக்கு முன்னாடியே கல் போயாச்சு. தெரிஞ்சே பொய் சொன்னது நீங்கதான். பழி போட ஒரு புயலுக்காகக் காத்திருந்தீங்க. பறவையை மறந்துட்டீங்க."

டார்குவில் தொப்பியைக் கழற்றினார்.

"சாய்வெயில்ல அடிப்பேரு தெரிஞ்சுது. எங்க பூட்டன் பேரு. சித்திரை மாசமே பேத்துக் கடல்ல தள்ளிட்டேன். ஊர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"ஒரு பேரை மறைக்க எங்க முன்னோர் அத்தனை பேரையும் மூழ்கடிச்சீங்களே, பாவி!" இஷ்பெலின் குரல் உடைந்தது. "அவரு கொளுத்துனது உங்க குத்தம் இல்லையே. அவரு பேரை நாங்க மறந்தே போயிட்டோம். இனிமே கொளுத்துனவரு பேரு, கல்லை மூழ்கடிச்ச உங்க பேரு, ரெண்டையும் சொல்லுவோம்."