மூத்தாள் பொட்டு

உட்லண்ட்ஸ் வீட்டுக்கு நான் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கியபோது அலமாரியில் எனக்கு இடமில்லை. ரமணன் மூன்று கதவுகளையும் திறந்து காட்டினார். மூன்றிலும் தாரணியின் புடவைகள், சுரிதார்கள், கைப்பைகள். அவருடைய முதல் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. துணிகள் மட்டும் நேற்றுத் தேய்த்து வைத்ததுபோல அடுக்குக் கலையாமல் இருந்தன.

"நீயே பாத்து வேணாங்குறத போட்டுடு லா," என்றார். "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கேட்க மாட்டேன் என்றாரே தவிர, நானே எடுத்துப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லவில்லை. பொறாமைக்காரிக்குக் காது கூர்மை, அதைக் கவனித்தேன். ஆமாம், எனக்குப் பொறாமைதான். உயிரோடு இருக்கிற ஒருத்தி என்றால் சண்டை போட்டாவது மனசு ஆறலாம். போய்ச் சேர்ந்தவளோடு எப்படிச் சண்டை போடுவது? அவள் பெயரை எடுத்தாலே இந்த வீட்டில் எல்லோருக்கும் குரல் தாழ்ந்துவிடுகிறது.

ரமணன் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் தாரமாக வருகிறவள் தன் தாலிக்குப் பக்கத்தில், மூத்தவளுக்காக ஒரு சின்னத் தங்கப் பொட்டையும் கோத்துக்கொள்ள வேண்டும். மூத்தாள் பொட்டு என்பார்கள். அதோடு விடவில்லை. புதிதாகத் துணியோ நகையோ எது வந்தாலும் மூத்தவள் படத்தின் முன் ஓர் இரவு வைத்து, அவளிடம் உத்தரவு கேட்ட பிறகுதான் உடம்பில் போட வேண்டும். சிராங்கூன் சாலைக் கோயிலில் கல்யாணம் முடிந்த கையோடு மாமியார் மங்களம் இதை என் காதோரம் சொன்னார்.

"'அக்கா, கட்டிக்கிறேன்'னு வாய் விட்டுக் கேக்கணும்மா. நிரஞ்சனா, மறந்துடாத. அவ ரோஷக்காரி."

அக்காவாம். தாரணி என்னைவிட மூன்று வயது இளையவள். இனி அவளுக்கு வயதும் ஏறாது, இடுப்பும் பெருக்காது. படத்தில் அப்படியே சிரித்துக்கொண்டிருப்பாள், நான் நரைத்துப்போய் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய புடவைகளில் ஒன்றைக்கூட அவள் முன் வைக்காமல்தான் கட்டினேன்.

அலுவலகத்தில் லீவ் போட்டுவிட்டு வீட்டை ஒழிக்க உட்கார்ந்தேன். கைப்பேசியில் ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, வேண்டுமா என்று வாய் விட்டுக் கேட்க வேண்டுமாம். வைத்துக்கொள்ள ஒரு பை, பிறருக்குக் கொடுக்க ஒரு பை, தூக்கிப்போட ஒரு பை. எனக்கு முதல் பை தேவைப்படவில்லை.

"இது வேணுமா?" என்று கேட்பேன். "வேணாம்," என்று நானே சொல்லிப் பையில் போடுவேன். அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்ல எனக்கு நன்றாக இருந்தது.

நல்ல துணிகள், பழைய சாமான் வாங்க வரும் காராங்குனிக்காரரின் தள்ளுவண்டிக்குப் போயின. பழைய பேப்பரோடு அவளுடைய பட்டுப்பாவாடையையும் அள்ளிக் கட்டிக்கொண்டு போனார். உடைந்தது, கறை பிடித்தது எல்லாம் அடுப்படிச் சுவரிலிருக்கும் குப்பைக் குழாயில் விழுந்தது. எங்கள் வீடு பதினோராம் மாடி. எதைப் போட்டாலும் குழாயின் சுவரில் முட்டி முட்டிக் கீழே போய்ச் சேரும் சத்தம் வெகுநேரம் கேட்கும். அந்தச் சத்தத்தையும் நின்று ரசித்தேன்.

போகாதது வாசனை ஒன்றுதான். தாரணிக்கு ஓயாத தலைவலி. எந்நேரமும் நெற்றியில் கோடாலித் தைலம் தடவிக்கொண்டிருப்பாளாம். கடைசியில் அந்தத் தலைவலியே அவளைக் கொண்டுபோயிற்று. அவள் துணிகள் போன பிறகும் அலமாரியைத் திறந்தால் அந்தத் தைலத்தின் குளிர்ச்சி மூக்கில் ஏறியது. வெந்நீர் விட்டுத் துடைத்தேன். அசையவில்லை.

அவளுடைய சீப்பைக் குழாயில் போட்ட அன்று, குளித்துவிட்டு வந்து பார்த்தால் என் சீப்பைக் காணோம்.

கைதவறி அதையும் சேர்த்துப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் அவளுடைய நீலப் புடவையைக் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் என் நீலப் புடவை இல்லை. அவள் கைப்பை போனது, என் கைப்பையைக் காணோம். தேடினால் வாசலில் கட்டி வைத்திருந்த குப்பைப் பையின் அடியில் துருத்திக்கொண்டு தெரிந்தது. நான் பையை ஒரே முடிச்சாகத்தான் போடுவேன். அந்தப் பையில் இரண்டு காது வைத்து, முயல் காதுபோல அழகாக முடிச்சுப் போட்டிருந்தது.

"நீங்க கட்டினீங்களா இத?" என்று ரமணனைக் கேட்டேன்.

அவர் அந்த முடிச்சைப் பார்த்தபடியே நின்றார். விரலால் அதன் ஒரு காதைத் தொட்டார்.

"தாரணி இப்படித்தான் கட்டுவா," என்றார் மெதுவாக.

பயப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் எனக்கு வந்தது கோபம். அவர் விரல் அந்த முடிச்சில் இருந்த விதத்தைப் பார்த்து வந்த கோபம். அதற்குள் அவர் முடிச்சை அவிழ்த்துப் பைக்குள் கைவிட்டு, நான் போட்டிருந்த தைலப் புட்டியை எடுத்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு, நான் அங்கே நிற்பதே மறந்தவராக, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்.

என் கல்யாணத்தன்றுகூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அன்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே ஜோகூர்ப் பாலமும் கடலும் மறைந்து வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. வீட்டில் அவளுடையதாக இன்னும் என்ன மிச்சம் என்று யோசித்தேன். ஒன்றே ஒன்றுதான். அது என் கழுத்தில் தொங்கியது.

சங்கிலியின் கொக்கியைக் கழற்றினேன். என் தாலி கட்டைவிரல் நகமளவு பெரியது. அவளுடைய பொட்டு பாசிப்பயறு அளவுதான். சின்னதை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். பெரியது சங்கிலியிலேயே இருந்தது. கண்ணால் பார்த்துத்தான் எடுத்தேன். இதை யார் கேட்டாலும் சத்தியம் செய்வேன். சங்கிலியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, அடுப்படிக்குப் போய்க் குப்பைக் குழாயின் மூடியைத் திறந்தேன்.

"இது வேணுமா? வேணாம்."

கையைக் கவிழ்த்தேன்.

சத்தமே கேட்கவில்லை.

தங்கம் தகரத்தில் முட்டும் ஒலிக்காகக் காதை வைத்து நின்றேன். மழைச் சத்தம்தான் கேட்டது. பிறகு குழாயின் ஆழத்திலிருந்து மெல்ல ஒரு காற்று மேலே வந்து என் முகத்தில் பட்டது. குப்பை நாற்றம் இல்லை.

கோடாலித் தைலம்.

மூடியைச் சாத்தினேன். அப்போது படுக்கையறைக்குள் பிளாஸ்டிக் பை சரசரத்தது.

"இது வேணுமா?"

பெண் குரல். யாரையும் மிரட்டாத, வேலையில் மூழ்கிய குரல். அது நான் கேட்கிற கேள்வி, நான் கேட்கிற மாதிரியே.

துணி ஒன்று விழும் சத்தம்.

"வேணாம்."

அடுப்படியிலேயே நின்று கேட்டேன். மறுபடி சரசரப்பு. மறுபடி அதே கேள்வி, அதே பதில். கடைசியில் எல்லாம் அடங்கிய பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். அலமாரி திறந்திருந்தது. ரமணனின் சட்டைகள் அத்தனையும் புதிதாக மடித்து அடுக்கியிருந்தன. என் பக்கம் வெறிச்சென்று இருந்தது. தரையில் மூன்று குப்பைப் பைகள், மூன்றிலும் முயல் காது முடிச்சு.

பயத்தில் கை தானாகக் கழுத்துக்குப் போனது. விரலில் தட்டுப்பட்டது சின்னதாக இருந்தது.

கண்ணாடிக்கு ஓடினேன். சங்கிலியின் நடுவில் பாசிப்பயறு அளவுப் பொட்டு ஒன்று தொங்கியது. பெரியது இல்லை.

என் தாலியை என் கையாலேயே குப்பையில் போட்டிருந்தேன்.

ரமணன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கீழே ஓடினார். குப்பை லாரி எப்போதோ வந்து போய்விட்டது என்று துப்புரவாளர் சொல்லிவிட்டாராம். ஈரத்தோடு திரும்பி வந்தவர் என்னைத் திட்டவில்லை. சோபாவில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த வீட்டில் எனக்கென்று அவர் கையை நீட்டிய முதல் தடவை அதுதான் என்று தோன்றியது. இந்த மனிதர் எனக்கு வேண்டும், விட்டுக்கொடுக்க முடியாது என்று அப்போது நிச்சயமாகத் தெரிந்தது.

மாமியார் வந்து என் கழுத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.

"ஒரு தடவையாவது அவகிட்ட கேட்டியாம்மா?"

"இல்ல அத்தை."

"இப்பவாவது கேளு. கொடுத்தா கட்டிக்கலாம்."

கொடுக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சிராங்கூன் சாலையில், முதல் தாலி வாங்கிய கடையிலேயே அதே அளவில் புதுத் தாலி செய்து வாங்கினோம். அன்று அந்தியில் ஒரு தட்டில் மஞ்சள், குங்குமம், பூ வைத்து, நடுவில் தாலியை வைத்து, படத்தின் முன் விளக்கேற்றினேன். தாரணி சிரித்துக்கொண்டிருந்தாள். ரமணன் பின்னால் நின்றார். கும்பிட்ட கையை இறுக்கிக்கொண்டேன். பயமா, தோற்றுப்போன எரிச்சலா என்று எனக்கே தெரியவில்லை.

"அக்கா," என்றேன். சொல்லிவிட்டேன். "உங்க பொருளத் தொட்டது தப்பு. ஆனா இவர் எனக்கும் வேணும். கட்டிக்கிறேன், அக்கா."

விளக்குச் சுடர் ஆடவில்லை. தைல வாசனையும் இல்லை. அவர் நெஞ்சில் தலை வைத்து, பல நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

விடிந்து எழுந்து வந்தேன். தட்டில் மஞ்சள் இருந்தது. குங்குமம் கலையவில்லை. பூ வாடவில்லை. நடுவில் மட்டும் ஒன்றுமில்லை.

படத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. கழுத்தில் சின்னப் பொட்டு குளிர்ந்துபோய்க் கிடந்தது. கோடாலித் தைல வாசனை வந்த திசையில் மெல்ல நடந்தேன்.

அடுப்படியில் குப்பைக் குழாயின் மூடி திறந்திருந்தது.