பதினோராவது துளை

பத்து குண்டுதான் எண்ணி எடுத்து வைத்திருந்தாள். அட்டையில் பதினொரு துளை இருந்தது.

நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு மறுபடியும் எண்ணினாள். கறுப்பு வட்டத்துக்குச் சற்றுக் கீழே, கொஞ்சம் இடது பக்கமாகப் பத்தும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குள் அடங்கியிருந்தன. பதினோராவது மட்டும் யாரோடும் ஒட்டாமல் அட்டையின் இடது கீழ் மூலையில் தனியாக இருந்தது.

"என்னங்க, கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்களேன்" என்று கட்டிலருகே வந்து அட்டையைக் கணவனின் முகத்துக்கு மேலே பிடித்தாள். அவன் தலையைத் தூக்கக் கூடாது.

"பதினொண்ணு."

"நான் பத்துதான் சுட்டேன்."

"ஒண்ணு கேட்டா அரையைத் தர்ற உலகம் இது. பத்துக்குப் பதினொண்ணு கிடைச்சா வாயை மூடிக்கிட்டு வாங்கி வெச்சுக்கணும், பல்லுக்காரி."

பல் செட் செய்யும் லேபில் பதினாறு வருடமாக வேலை பார்ப்பவளை அவன் வேறெப்படிக் கூப்பிடுவான்? அவன் பள்ளி வேன் ஓட்டியவன். ஏழு வாரத்துக்கு முன் படியில் வழுக்கி விழுந்ததில் முதுகெலும்பு நொறுங்கி, இப்போது இடுப்புக்குள் இரண்டு கம்பியும் நாலு திருகுமாக ஹாலில் கிடக்கிறான். மாடி அறைக்கு ஏற்ற முடியாது. வாடகைக்கு எடுத்த இரும்புக் கட்டிலை நாலு பேர் தூக்கி வந்து சுவரோரமாகப் போட்டுவிட்டுப் போனார்கள். இன்னும் மூன்று வாரம் அசையக் கூடாது, ஒரு குலுக்கல் போதும், கால் போய்விடும் என்று டாக்டர் அவளைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அந்தக் கால்களைத்தான் அவள் தூக்கத்தில்கூடக் காவல் காத்தாள்.

ஏர்கன் அதற்கு முன்பே வந்தது. நாலு கடை ஏறி இறங்கி, காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டர் வகை வேண்டாம், பம்ப் அடிக்கவே தனி ஆள் வேண்டும் என்று ஒதுக்கிவிட்டு, பேரலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும் பழைய வகையைத்தான் தேர்ந்தெடுத்தாள். தோளில் வைத்துப் பார்த்தாள், கன்னம் பதியும் இடம் பார்த்தாள், விசையைப் பத்து முறை இழுத்துப் பார்த்தாள். "என்னைக்கூட நீ இவ்வளவு பார்த்துக் கட்டிக்கலையே" என்று அவன் கடைக்காரர் எதிரிலேயே சிரித்தான்.

சுடுவதற்கென்றே கட்டிய வீடு போலிருந்தது அது. ஹாலிலிருந்து பின்பக்கம் வரை ஒரே நேராக நீளும் நடைபாதை. அதன் கோடியில் வாசலும் கிடையாது, ஜன்னலும் கிடையாது, வெறும் சுவர். சுவருக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டு, குண்டுகள் விழும் இரும்புப் பெட்டி. பெட்டியின் முகப்பில் அட்டை. மாலையில் லேபிலிருந்து வந்ததும் முன்கதவைத் தாழிட்டுவிட்டு மேசையில் மணல் மூட்டையை வைத்து அதன்மேல் துப்பாக்கியைச் சாய்ப்பாள். பாதி மூச்சை வெளியே விட்டு, மீதியைப் பிடித்து நிறுத்திக்கொண்டுதான் விசையை இழுப்பாள். முதுகுக்குப் பின்னால் கட்டிலில் அவன் வர்ணனை சொல்லிக்கொண்டிருப்பான். அந்த ஏழு வாரத்தில் இருவரும் மிகவும் சிரித்தது அந்த அரை மணி நேரத்தில்தான்.

போன வாரம் ஸ்பிரிங்கை மாற்றியிருந்தாள். பழையது சுட்டதும் டொய்ங் என்று அதிரும். புதியதன் இரு முனைகளையும் லேபில் பல்லுக்கு மெருகேற்றும் பசையால் வழவழப்பாக்கி, கெட்டியான கிரீஸ் தடவி உள்ளே இறக்கினாள். இப்போது தொப் என்று தலையணையைத் தட்டியது போல ஓர் ஒலிதான். ஸ்பிரிங் மாறினால் குறியும் மாறும். அதனால்தான் பத்தும் இடது கீழாக இறங்கியிருந்தன. குறியை நகர்த்த, துப்பாக்கி மேலிருந்த ஸ்கோப்பின் பக்கக் குமிழை எட்டு கிளிக் வலது பக்கம் திருப்பி வைத்தாள். பதினோராவதை, முந்தைய நாளின் அட்டையோ என்னவோ என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை புது அட்டை. பத்து குண்டு. பத்தும் நேற்று விழுந்த அதே இடத்தில், ஒரு மயிரிழைகூட வலது பக்கம் நகராமல் விழுந்தன.

பதினோராவது நகர்ந்திருந்தது. ஒரு விரற்கடை வலது பக்கமாக.

ஏர்கன் பழுது பார்க்கும் மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். "குமிழ் சுத்துது, குறி மட்டும் அசையலைண்ணா."

"உள்ளே இறுகியிருக்கும் மேடம். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னாடியும் உதைக்கும், பின்னாடியும் உதைக்கும், ஸ்கோப்புக்கு அதுதான் எமன். லேசாத் தட்டிக்கிட்டே திருகுங்க. ஒரு கட்டத்துல பொட்டுனு குதிச்சு வந்துடும்."

தட்டினாள். திருகினாள். வலது பக்கம் பன்னிரண்டு, மேலே பத்து. பேரலைத் துடைத்தாள், துப்பாக்கிக் கட்டையின் திருகுகளை இறுக்கினாள், லேபின் தராசில் குண்டுகளை நிறுத்து ஒரே எடையாகப் பத்தைப் பொறுக்கினாள். சனிக்கிழமை மழை இருட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு சுட்டபோது, பத்தும் அதே பொத்தான் அளவில் அதே இடத்தில் விழுந்தன. கடைசிக் குண்டின்போது வலது காதோரம் கொசு பறந்தது போல முடி சிலிர்த்தது. பதினோராவது துளை வட்டத்தைத் தாண்டி வலது மேல் விளிம்புக்குப் போயிருந்தது.

"ஏம்மா, தலைமாட்டுல ஏதோ உதிருது பாரு" என்றான் அவன். "நேத்து இடுப்புக்கிட்ட. அதுக்கு முந்தின நாள் கால்மாட்டுல. சுவருக்கு நம்மளைவிட வயசாகிடுச்சு போல."

"மழை ஈரம்ங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் நாலு கிளிக் திருப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மெக்கானிக்கே கூப்பிட்டார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"அந்த ஒத்தைத் துளை எந்தப் பக்கம் கிழிஞ்சிருக்கு மேடம்?"

"புரியலண்ணா."

"குண்டு போற பக்கம்தானே காகிதம் பிசிறடிக்கும். பிசிறு உங்களைப் பார்த்து இருக்கா, சுவரைப் பார்த்து இருக்கா?"

மூன்று அட்டைகளையும் மேசையில் வரிசையாக வைத்தாள். முப்பது துளைகளின் முன்பக்கம் வழவழவென்று இருந்தது. மூன்று துளைகள் மட்டும் விரல் நுனியில் குத்தின. பிசிறுகள் பூவிதழ் போல விரிந்து அவளைப் பார்த்திருந்தன.

"பின்னாலிருந்து வந்திருக்கு" என்றாள். அவள் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது.

"பின்னாடி என்ன இருக்கு?"

"சுவருதாண்ணா."

"திருகாதீங்க, மேடம்" என்று மட்டும் சொன்னார். "இனிமே தொடாதீங்க."

கட்டிலுக்குப் பின்னாலிருந்த சுவரைப் போய்ப் பார்த்தாள். கால்மாட்டில், தரையோடு தரையாக ஒரு குழி, சுண்டுவிரல் நகம் அளவு. இடுப்புக்கு நேராக ஒன்று. அதற்கும் மேலே, தலையணையிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒன்று. மூன்றிலும் நசுங்கிய ஈயம் பளபளத்தது. எட்டு கிளிக். பன்னிரண்டும் பத்தும். நேற்று போகிற போக்கில் திருப்பிய அந்த நாலு.

அவள் தன் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டிருக்கவில்லை. வேறு யாருக்கோ, ஒவ்வொரு மாலையும், பொறுமையாக, சிரித்துப் பேசிக்கொண்டே குறி வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"என்னடி அப்படி நிக்கறே?"

"ஒண்ணுமில்லைங்க."

குமிழைத் திருப்பிப் போட முயன்றாள். இடது பக்கம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. கிளிக் என்ற ஒலியே வரவில்லை. சரி, பத்து சுட்டால்தானே பதினொன்று வரும்? பத்தே இல்லாமல் செய்துவிட்டால்? தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து துப்பாக்கியைப் பிரித்துப் போட்டாள். ஸ்கோப், கட்டை, விசை, பிஸ்டன். கடைசியில் கிரீஸ் வழிய ஸ்பிரிங்கை உருவிக் கையில் எடுத்தபோது, பாம்பைப் பிடித்துப் பானைக்குள் போட்டு மூடியதுபோல ஒரு பெருமூச்சு வந்தது.

தொப்.

நடைபாதையின் கோடியிலிருந்து வந்தது அந்த ஒலி. தலையணையைத் தட்டியது போல, மென்மையாக. ஒரு வாரம் மெருகேற்றி அவளே உண்டாக்கிய ஒலி. ஸ்பிரிங் அவள் கையில் இருந்தது.

"கண்ணுல மண்ணு விழுந்துடுச்சு" என்றான் அவன்.

தலையணைக்கு நாலு விரல் மேலே, சுவரில் புதிய குழி. அதிலிருந்து சுண்ணாம்புத் தூள் இன்னும் மெல்ல அவன் நெற்றியில் உதிர்ந்துகொண்டிருந்தது.

கட்டிலைப் பிடித்து இழுத்தாள். இரும்புக் கால் தரையைக் கீறிக்கொண்டு அரை அடி வந்தது. அவன் அலறினான். பதினெட்டு வருடத்தில் அவள் கேட்டிராத அலறல்.

"விடு, விடு, விட்டுடு. காலு... வலது கால் மரத்துப் போச்சு. என்ன பண்றே நீ?"

விட்டுவிட்டாள். கொழுந்தனுக்குப் போன் செய்தாள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு உடனே வா, கட்டிலை நகர்த்தணும்.

"இப்பவேவா அண்ணி? பாலத்துல தண்ணி ஏறிடுச்சு. அரை மணி நேரமாவது ஆகும். அண்ணனுக்கு ஏதாவதா?"

"வா தம்பி. நீ வா."

சாப்பாட்டு மேசையைப் புரட்டி நடைபாதை வாயில் பக்கவாட்டில் நிறுத்தினாள். இடுப்பு உயரம்தான் வந்தது. அதற்குமேல் எல்லாம் திறந்து கிடந்தது. நடைபாதை விளக்கைப் போட்டாள். பெட்டி. வெறும் முகப்பு. அட்டை இல்லை. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஓர் ஆள் இடத்துக்கு மட்டும் வெளிச்சம் போகவில்லை. விளக்கு அதற்கு நேர் மேலேதான் இருந்தது.

மழைத் தண்ணீர் ஓடுகிற சத்தம். கிரீஸ் வாசனை. அவள் கையிலிருந்துதான் என்று நினைத்தாள். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். வாசனை குறையவில்லை. நடைபாதையிலிருந்து வந்தது.

"பின்னாடி யாருடி?" என்றான் அவன். கிண்டல் எல்லாம் வடிந்த குரல்.

"யாருமில்லைங்க."

"பொய் சொல்லாதே. எனக்குக் கால்தான் வராது, காது இருக்கு."

கட்டில் விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள். நடைபாதைக்கு முதுகைக் காட்டி, அவன் தலைக்கு மேலே குனிந்து, இரண்டு கையையும் தலையணையின் இருபுறமும் ஊன்றினாள். அவள் சின்ன உருவம். எவ்வளவு விரித்தாலும் அவ்வளவுதான்.

"நகரு" என்றான்.

"மாட்டேன்."

"நீ குறுக்கே உட்கார்ந்தா? ஏம்மா, சொன்னா கேளு. நகரு."

"பேசாம இருங்க."

அவன் கையைத் தூக்கி அவள் கன்னத்தைத் தள்ளப் பார்த்தான். தள்ளுகிற பலம் அதில் இல்லை. கை கன்னத்திலேயே தங்கிவிட்டது.

கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது.

பின்னால், பேரல் மடங்கும் ஒலி. நிதானமாக. உள்ளே ஸ்பிரிங் இறுகுவது கேட்டது. அவசரமே இல்லாத கை. பிறகு ஒரு குண்டை விரலால் அழுத்தி உட்கார வைக்கும் சின்ன உரசல். க்ளக். மூடியாயிற்று.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் தோள் விலகும். அவன் முகத்தையே பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளையும் பார்க்கவில்லை. கண்ணை ஓரமாகத் திருப்பி, தன் காதருகே இருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை நீயா மாட்டினே?" என்று கேட்டான்.

அவளும் பார்த்தாள்.

தலையணையை ஒட்டிய சுவரில் ஓர் அட்டை. புதியது. நாலு மூலையிலும் நாலு ஊசி, அவள் குத்துவது போலவே சாய்வாக. ஒரு துளைகூட இல்லை. குறி சரியாகும் வரை சுடுவதை அவள் எப்போதும் கணக்கில் சேர்ப்பதில்லை. சரியான பிறகுதான் கணக்குக்கான புது அட்டையை மாட்டுவாள்.

நடுவிலிருந்த கறுப்பு வட்டத்தில் பாதிதான் தெரிந்தது. மீதியை அவன் தலை மறைத்திருந்தது.

மழை நின்றுவிட்டது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவள் பிடரிக்குப் பின்னால், நடைபாதையின் அந்தக் கோடியில், யாரோ பாதி மூச்சை மெல்ல வெளியே விட்டு, மீதியை அப்படியே பிடித்து நிறுத்தினார்கள்.